கான்டாக்ட் லென்ஸ்: முதல் நாள் பயமும் மூன்றாவது மாத அலட்சியமும்

லென்ஸ் போட ஆரம்பித்த புதிதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. கையை இரண்டு தடவை கழுவுவார்கள். நிலைக்கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் நின்று போராடுவார்கள். இருட்டியதுமே கழற்றி வைத்துவிடுவார்கள். சிக்கல் ஆரம்பிப்பது மூன்றாவது மாதத்தில். அதற்குள் விரல் பழகிவிடும், கண்ணாடி பார்க்காமலே போட வந்துவிடும். பயம் போகும்போது ஒழுங்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

நானும் அப்படி மாட்டியவன்தான். ஒரு ராத்திரி களைப்பில் லென்ஸோடு தூங்கிவிட்டேன். காலையில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சமே ஊசி மாதிரி குத்தியது. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, அப்புறம் ஒரு மாதம் மூக்குக்கண்ணாடி. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். அதனால் இந்த வழிகாட்டியில் லென்ஸ் போடும் முறையும் இருக்கும், ஆனால் போடப் பழகிய பிறகு வரும் நாட்களுக்குத்தான் அதிக இடம்.

கருவிழிக்கும் காற்று வேண்டும்

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி போல வளைந்து, தெளிவாக இருக்கும் படலம்தான் கருவிழி. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக்குழாய் கிடையாது, இருந்தால் இவ்வளவு தெளிவாக இருக்காது. ரத்தம் வராத இடத்துக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர் வழியாக. லென்ஸ் அதற்குக் குறுக்கே உட்காருகிறது. தூங்கும்போது இமையும் மூடிக்கொள்கிறது. பட்டினி போட்ட கருவிழியின் மேல்தோல் பலவீனமாகி, கிருமி நுழைய இடம் கொடுக்கிறது. நாள்பட்டால் ஓரத்திலிருந்து புதிய ரத்தக்குழாய்கள் உள்ளே வளர ஆரம்பிக்கும்.

லென்ஸின் வரலாறே இந்த மூச்சுப் பிரச்சினையோடு நடந்த சண்டைதான். 1888-இல் அடால்ஃப் ஃபிக் செய்த லென்ஸ் கண்ணாடியால் ஆனது, வெள்ளைவிழி வரைக்கும் மூடும். சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மென்மையான லென்ஸை வார்த்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டு மேஜை மேல், குழந்தைகளின் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்துச் செய்த இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றி வார்த்தார். ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் என்ற பொருளால் ஆன மென்லென்ஸ் 1990-களின் கடைசியில்தான் கடைக்கு வந்தது. புதிதாக வாங்குபவர்கள் இந்த வகையைக் கேட்டு வாங்கலாம். ஆனால் சிலிகான் என்பதால் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த லென்ஸானாலும், அதோடு தூங்கினால் தொற்றுக்கான வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு கூடுகிறது.

கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்காதீர்கள்

மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த பவர் லென்ஸுக்கு அப்படியே பொருந்தாது. கண்ணாடி, கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. பவர் 4-க்கு உள்ளே இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் கணக்கு மாறும்: கண்ணாடியில் மைனஸ் 5 என்றால் லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 4.75.

பவர் தவிர பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வளைவு. பி.சி. (பேஸ் கர்வ்) என்று போட்டிருப்பார்கள், மென்லென்ஸில் பெரும்பாலும் 8.3-இலிருந்து 8.8 வரை. இன்னொன்று குறுக்களவு, 14 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். வளைவு இறுக்கமாக இருந்தால் லென்ஸ் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கண்ணீர் ஓட்டத்தை அடைத்துவிடும். தளர்வாக இருந்தால் இமைக்கும்போதெல்லாம் நழுவிப் பார்வை மங்கும். இது இரண்டையும் கண்ணில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பவரே இல்லாத கலர் லென்ஸுக்கும் இதே கதைதான். நண்பருடைய கலர் லென்ஸை ஒரு விசேஷத்துக்கு வாங்கிப் போடுவது, அவருடைய பல் துலக்கும் பிரஷை வாங்கித் தேய்ப்பதைவிட மோசம்.

சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாததைச் சரிசெய்யும் பவர்) உள்ளவர்களுக்கு டோரிக் என்ற லென்ஸ். அது கண்ணில் சுழலாமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும், அதனால் முதல் தடவையிலேயே சரியாக அமையாமல் போனால் சோர்ந்துவிடாதீர்கள். 40 வயதைத் தாண்டிக் கிட்டப் பார்ப்பதற்கும் உதவி வேண்டியவர்களுக்கு, தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே லென்ஸில் காட்டும் மல்டிஃபோகல் இருக்கிறது. கூம்புக் கருவிழி (கருவிழி மெலிந்து கூம்பு போலத் துருத்தும் நோய்) உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கடின லென்ஸ்தான் தெளிவு தரும், அதற்குப் பராமரிப்பு வேறு. இங்கே நான் சொல்வதெல்லாம் மென்லென்ஸைப் பற்றி.

தினசரி லென்ஸா, மாத லென்ஸா? என்னைக் கேட்டால் கையில் காசு இருந்தால் தினசரி. காலையில் பிரிக்கலாம், ராத்திரி குப்பையில் போடலாம். ராத்திரி லென்ஸை ஊறவைக்கும் டப்பாவும் கிடையாது, அதைச் சுத்தம் செய்யும் கரைசலும் கிடையாது, பாதித் தலைவலி அதோடு போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடுகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்தாலும் அதுதான் லாபம். ஏனென்றால் மாத லென்ஸ் என்றால் முப்பது தடவை போடலாம் என்று அர்த்தமில்லை. பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம். பத்து நாள் மட்டுமே போட்டிருந்தாலும் தேதி வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்த தேதியைப் பெட்டி மூடியிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். நினைவில் வைத்துக்கொள்வேன் என்று சொன்ன யாரும் வைத்துக்கொண்டதில்லை.

போடுவது

அவசரம் இல்லாத ஒரு காலையில் ஆரம்பியுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கழுவுதொட்டிப் பக்கத்தில் நின்றால், அடைப்பானை மூடிவிடுங்கள். அந்த ஓட்டை விழுங்கிய லென்ஸ்களின் எண்ணிக்கை எனக்குத்தான் தெரியும்.

1. வாசனையோ கிரீமோ சேர்க்காத சாதாரண சோப்பால் கையைக் கழுவி, நூல் விடாத துணியால் நன்றாகத் துடையுங்கள். கை உலர்ந்திருப்பது முக்கியம். சுத்தத்துக்காக மட்டுமல்ல, லென்ஸ் எப்போதும் ஈரம் அதிகமாக இருக்கும் பக்கம்தான் ஒட்டும். விரல் ஈரமாக இருந்தால் கண்ணுக்குப் போகாமல் விரலிலேயே தொங்கும். புதியவர்கள் பத்து தடவை தோற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

2. எப்போதும் வலது கண்ணில் ஆரம்பியுங்கள். இது சாஸ்திரம் இல்லை, இரண்டு லென்ஸும் மாறிப்போகாமல் இருக்க ஒரு பழக்கம்.

3. லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, பக்கவாட்டில் பாருங்கள். ஓரம் நேராக மேலே ஏறிக் கிண்ணம் போல இருந்தால் சரியான பக்கம். ஓரம் தட்டின் விளிம்பு போல வெளியே விரிந்திருந்தால் புரண்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் இரண்டு விரலால் இலையை மடிப்பதுபோல மெதுவாக மடியுங்கள்: ஓரங்கள் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் சரி, வெளியே திரும்பி விரலில் ஒட்டப் பார்த்தால் புரட்டிப் போடுங்கள். தவறான பக்கம் போட்டாலும் கண்ணுக்கு ஆபத்தில்லை, நாள் முழுக்க உறுத்தும், அவ்வளவுதான். கிழிசலோ ஒட்டிய தூசியோ இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

4. அதே கையின் நடுவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். மற்றக் கையை நெற்றி வழியாகக் கொண்டுவந்து, மேல் இமையை முடி முளைக்கும் ஓரத்திலேயே பிடித்து உயர்த்துங்கள். இமையின் நடுவில் பிடித்தால் ஓரம் தப்பித்துக்கொண்டு இமைத்துவிடும்.

5. லென்ஸைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கண் தானாக மூடப் பார்க்கும். நேராகக் கண்ணாடியில் தெரியும் உங்கள் கண்ணையே பாருங்கள், இல்லாவிட்டால் மேலே பாருங்கள். மெதுவாகத் தொட்டு வைத்து, விரலை எடுங்கள்.

6. உடனே இமைக்க வேண்டாம். கீழே பார்த்து, இமைகளை ஒவ்வொன்றாக விடுங்கள். கண்ணை மூடி ஒரு வட்டம் உருட்டினால் காற்றுக் குமிழி வெளியேறி லென்ஸ் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த லென்ஸ் இருப்பதே தெரியக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு அப்புறமும் உறுத்தினால் கழற்றி, கரைசலில் அலசி, மறுபடி போடுங்கள். அப்போதும் உறுத்தினால் அந்த லென்ஸ் வேண்டாம். பழகிடும் என்று பொறுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் பெருமை இல்லை.

முதல் நாள் நாலு மணி நேரம் போதும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகலாம், கண் டாக்டர் சொல்லும் அளவுக்குள்.

கழற்றுவது

பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போடுவதைவிட எளிது. கை கழுவித் துடைத்து, மேலே பார்த்து, ஆள்காட்டி விரலால் லென்ஸைக் கருவிழியிலிருந்து கீழே வெள்ளைவிழிக்கு இழுத்துவிடுங்கள். அங்கே கட்டைவிரலையும் சேர்த்து மெதுவாகக் கிள்ளினால் மடிந்து கையில் வந்துவிடும். நகம் படாமல் விரல் சதையால் மட்டும். கண் காய்ந்து லென்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். லென்ஸுக்கான ஈரச் சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் இமைத்துக்கொண்டிருந்தால் தானாக நகரும்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா? போகாது. இமையின் உட்பக்கத் தோலும் வெள்ளைவிழியை மூடிய தோலும் ஒன்றாக மடிந்து ஒரு பை போல மூடிக்கொள்கின்றன. அதைத் தாண்டி வழி கிடையாது. காணவில்லை என்றால் மேல் இமைக்குள் சுருண்டு கிடக்கும், இல்லாவிட்டால் தரையில் கிடக்கும். சொட்டு விட்டு, கீழே பார்த்தபடி மேல் இமையை மெல்ல நீவிவிட்டால் வெளியே வரும்.

டப்பாதான் வில்லன்

மாத லென்ஸ்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கலாம். லென்ஸை எல்லோரும் கவனிக்கிறார்கள். அது குடியிருக்கும் டப்பாவை யாரும் கவனிப்பதில்லை. மூடியைத் திருப்பிப் பிடித்து, மரை ஓடும் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஒரு பூச்சு தட்டுப்பட்டால் அது கிருமிகள் கூடிக் கட்டிய வீடு. மேலே கரைசலை ஊற்றினால் மட்டும் அது கரையாது.

ராத்திரி கழற்றியதும் லென்ஸை உள்ளங்கையில் வைத்து, மூன்று நாலு சொட்டுக் கரைசல் விட்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பக்கத்தையும் சுமார் 20 விநாடி தேயுங்கள். வட்டமாகத் தேய்க்காமல் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கிழியாது. தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் போட்டிருந்தாலும் தேயுங்கள். நாள் முழுக்கப் படிந்த புரதமும் எண்ணெய்ப் பசையும் ஊறவைத்தால் மட்டும் போகாது. அப்புறம் கரைசலிலேயே அலசி, டப்பாவில் புதுக் கரைசலில் மூழ்க வையுங்கள்.

புதுக் கரைசல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேற்று மிச்சமானதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கம் சிக்கனமாகத் தெரியும். கிருமிகொல்லும் சக்தி நேற்றே தீர்ந்துபோயிருக்கும். 2006-இல் பல நாடுகளில் லென்ஸ் அணிபவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழித் தொற்று வந்து, ஒரு கரைசலையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். விசாரித்தபோது பழைய கரைசலை மறுபடி பயன்படுத்தும் பழக்கமும் ஆபத்தைக் கூட்டியது தெரிய வந்தது.

காலையில் லென்ஸ் கண்ணுக்குப் போனதும் டப்பாவைக் கொட்டி, கரைசலால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடிகளைத் திறந்தே வைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். குளியலறை ஈரத்தில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

சலைன் என்பது வெறும் உப்புநீர், அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு முறை நன்றாகச் சுத்தம் செய்யும், ஒவ்வாமைக்காரர்களுக்கும் நல்லது. ஆனால் அதற்கென்று கொடுக்கும் தனி டப்பாவில், அதிலுள்ள வட்டு பெராக்சைடைச் செயலிழக்க வைக்கும்வரை, குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கண்ணில் பட்டால் தீயாக எரியும்.

தண்ணீர் வேண்டாம்

குடிக்கிற தண்ணீர்தானே, கண்ணுக்கு மட்டும் என்ன என்று தோன்றும். குழாய்நீர், கிணற்றுநீர், நீச்சல்குளம், கடல் எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிர் இருக்கலாம். வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டினால் கருவிழியைத் தின்ன ஆரம்பிக்கும். மருந்து பட்டால் கூடு கட்டிக்கொண்டு பதுங்கிவிடும், குளோரினுக்கும் அந்தக் கூடு அசையாது. சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், பார்வையும் போகலாம். அபூர்வமான நோய்தான். ஆனால் அது வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் லென்ஸ் போடுபவர்கள்.

ஆகவே லென்ஸையோ டப்பாவையோ குழாயில் காட்டவே கூடாது. குளிக்கும் முன், நீந்தும் முன் கழற்றுங்கள். காலையில் முதலில் குளியல், அப்புறம் லென்ஸ் என்று வரிசை வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை. எச்சில் தொட்டு லென்ஸை நனைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசவே மனசு வரவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: கண்ணில் அமிலமோ சுண்ணாம்போ சுத்தம் செய்யும் ரசாயனமோ தெறித்தால், லென்ஸைப் பற்றி யோசிக்காமல் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் கழுவ ஆரம்பியுங்கள். கழுவிக்கொண்டே லென்ஸைக் கழற்றலாம்.

நாள் முழுக்க

திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைப்பவர் அதில் பாதியாவது இமைத்தால் பெரிது. லென்ஸ் காய்ந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கண்ணில் மண் விழுந்தது போல இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். அந்தச் சமயத்தில் இமைகள் முழுசாக மூடும்படி பத்து தடவை இமையுங்கள். அரை இமைப்பில் பலன் இல்லை. திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், கண்ணீரும் சீக்கிரம் ஆவியாகாது. மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

ஈரச் சொட்டு வாங்கும்போது லென்ஸோடு பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சில சொட்டு மருந்துகளில் உள்ள பதப்படுத்தும் பொருளை, குறிப்பாக பென்சல்கோனியம் குளோரைடை, மென்லென்ஸ் உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணில் விட்டுக்கொண்டிருக்கும். கண் சிவப்பை மறைக்கும் சொட்டுகள் பக்கமே போகாதீர்கள். சிவப்புதான் கண் உங்களுக்கு அனுப்பும் தகவல், அதை அழித்துவிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

சொட்டு விடுவதிலும் ஒரு கை வேலை உண்டு. கீழ் இமையை இழுத்து ஒரு பள்ளம் செய்து, அதில் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்கு இடமில்லை, கன்னத்தில் வழியும். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்குள் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு வேறு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம்.

ஒப்பனை செய்பவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு மை தீட்டுங்கள், ராத்திரி லென்ஸைக் கழற்றிய பிறகு மையை அழியுங்கள். இமையின் உள்விளிம்பில் மை வேண்டாம், கண்ணீருக்கு எண்ணெய் தரும் சுரப்பிகளின் வாய் அங்கேதான் வரிசையாக இருக்கிறது. அந்தச் சுரப்பிகள் அடைத்துக் கண் வறண்டுபோகிறவர்களுக்கு, வெதுவெதுப்பான துணியை மூடிய கண்மேல் ஐந்து பத்து நிமிடம் வைப்பது எந்தச் சொட்டைவிடவும் நல்ல பலன் தரும்.

எப்போது கழற்றி எறிய வேண்டும்

கண் சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா, பார்வை மங்கலாக இருக்கிறதா? தினமும் லென்ஸ் போடும் முன் இந்த மூன்றையும் ஒரு கணம் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கு லென்ஸ் இல்லை. போட்ட பிறகு வலி, வெளிச்சத்தில் கூச்சம், பூளை, நிற்காத கண்ணீர், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்று ஏதாவது வந்தால் உடனே கழற்றிவிட்டு, அன்றே கண் டாக்டரிடம் போங்கள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியைப் புண்ணாக்கிவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயமில்லை.

போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதிலிருந்தே எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து சரியானது போல இருக்கும், உள்ளே தொற்று தடையில்லாமல் பரவும். கண்ணைக் கட்டவும் வேண்டாம். மூடிய வெதுவெதுப்பு கிருமிக்கு வசதி.

இதற்கெல்லாம் வீட்டில் நல்ல பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பவரில், ஒரு காது உடைந்த கண்ணாடி வைத்திருப்பவர்தான் கண் சிவந்த நாளிலும் லென்ஸ் போடுவார். வாரத்தில் ஒரு நாளாவது கண்ணாடியோடு இருங்கள்.

பிரச்சினை எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போங்கள். லென்ஸைச் சில மணி நேரமாவது போட்டுக்கொண்டே போனால்தான் அது எப்படி உட்கார்ந்து அசைகிறது என்று டாக்டர் பார்க்க முடியும். அதன்பின் கழற்றச் சொல்லி, ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கருவிழியில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அந்தச் சாயம் மென்லென்ஸில் ஏறினால் போகாது, அதனால் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளக் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.